பத்தொன்பதாவது அறை

காலை வெயிலில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஆற்றங்கரையில், கரும்புத் தோட்டத்துப் பெரிய வீட்டை இடிக்கிறார்கள். இருபது வருஷம் அதைப் பார்க்க வந்தவர்களுக்குச் சுற்றிக் காட்டிய ஒடெல்லா மரத்தடியில் நிற்கிறாள். "மொத்தம் பதினெட்டு அறை" என்று அவள் சொல்லாத நாளில்லை. அவளுடைய கொள்ளுப்பாட்டி இந்தத் தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவள். பக்கத்தில் பழைய முதலாளி குடும்பத்து வாரிசு, வீட்டின் சொந்தக்காரி மிஸ் கோரலீ கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். இயந்திரக் கை படிக்கட்டைப் பெயர்க்கிறது. புழுதி அடங்கியதும், அதன் அடியில் யாருக்கும் தெரியாத ஓர் அறை தெரிகிறது. ஜன்னல் கிடையாது. சுவரில் முழங்கால் உயரத்தில் ஓர் இரும்பு வளையம், அதில் துருவேறிய சங்கிலி, தரையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு தோல் செருப்பு. இயந்திரத்தை ஓட்டும் டார்னெல் அதை நிறுத்திவிடுகிறான். குருவிச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்கிறது.

"நாயக் கட்டிப் போட்டிருப்பாங்க, ஒடெல்லா," என்கிறாள் கோரலீ.

"நாய் செருப்பு போடுமா, மிஸ் கோரலீ?"

கோரலீ வெள்ளை உடையோடு புழுதியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். ஒடெல்லா இடிபாட்டுக்குள் நடக்கிறாள்.

"உள்ள போகாதீங்க அக்கா, மேல கூரை நிக்காது," என்கிறான் டார்னெல்.

அவள் போகிறாள். செருப்பை எடுக்கக் குனிகிறாள். நீட்டிய கை அதைத் தொடாமல் அப்படியே நின்றுவிடுகிறது.