பேய்ப் படத்து இதயத்துடிப்பு

"அந்தப் பேய்ப் படத்தைப் பார்த்துட்டு ஊரே ஒரு மாசம் விளக்கை அணைக்காம தூங்குச்சே, அதுக்குக் காரணம் நான்தான் சம்பந்தி! கதவு திறக்கும்போது 'தக்-டப், தக்-டப்'னு ஒரு இதயத்துடிப்பு வருமே, அது நான் வாசிச்சது!"

பெண்ணைப் பெற்றவர் மார்தட்டியதும், இசை ஆசிரியரான சம்பந்திக்குக் காபி புரையேறியது.

"நீங்களா? தாளம் கிலோ என்ன விலைன்னு கேக்குற ஆளாச்சே! அது என்ன வாத்தியம்னு முப்பது வருஷமா தேடுறேன், எனக்கே பிடிபடலை."

"நிரூபிச்சா பேத்திக்கு நான் சொல்ற பேர். சம்மதமா?"

ஒரு வாரமாக இழுபறியில் கிடந்த பெயர். சம்பந்தி குஷியாகக் கைகொடுத்தார். "தோத்தா நான் சொல்ற பேர்!"

பெண்ணைப் பெற்றவர் அலமாரியிலிருந்து, பணி ஓய்வின்போது தபால் அலுவலகத்தில் கொடுத்த பழைய முத்திரைக் கட்டையை எடுத்தார். மைப்பெட்டியில் 'தக்'. கடித உறையில் 'டப்'. தக்-டப், தக்-டப்... சம்பந்தி காபியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலி நுனிக்கு வந்தார்.

திடீரென்று ஒரு நிறுத்தம். பிறகு, 'சர்ர்ர்...'

சம்பந்தி நாற்காலியோடு துள்ளினார். "ஐயோ, படத்துல வர்ற அதே பேயோட மூச்சு!"

"மூச்சும் இல்லை, பேச்சும் இல்லை. கோந்துல உறை கட்டையோட ஒட்டிக்கிச்சு, பிய்ச்சேன். அன்னிக்கும் இப்படித்தான். ஸ்டாம்ப் வாங்க வந்த அந்தப் படத்தோட இசையமைப்பாளர் சொக்கிப்போய், மறுநாளே ரெக்கார்டரோட வந்துட்டார்."

சம்பந்தி தலையில் கைவைத்தார்.

"அந்த மூச்சை மேதைமைன்னு முப்பது வருஷமா பாடம் நடத்தியிருக்கேனே! சத்தியமா நீங்க வாசிச்சதுதான், ஒத்துக்கறேன். பேரைச் சொல்லுங்க!"