சிவப்பு சாக்ஸ்

“வயசு என்ன?”

“பதினெட்டு.”

“சத்தமா சொல்லு! என்ன வருஷம் பிறந்தே?”

“பாம்பு வரு...”

மேஜையில் படாரென்று அடித்தாள் சூஃபென். “பன்றி! உன் பெரியப்பா மகளோட அடையாள அட்டையைக் காட்டித்தானே வேலைக்குச் சேர்ந்தே? அவ பன்றி வருஷம். தூக்கத்திலே எழுப்பிக் கேட்டாலும் பன்றின்னுதான் வரணும்.”

“பன்றி வருஷம்க்கா” என்றாள் யாவ்யாவ். சீனாவில் வருஷத்துக்கு ஒரு மிருகம்; மிருகத்தைச் சொன்னாலே வயது தெரிந்துவிடும். கண்ணில் நீர் முட்டியது. கை மட்டும் நிற்கவில்லை. ஏற்றுமதிக்குப் போகும் வெள்ளை சாக்ஸ்களில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சீட்டு கோத்துக்கொண்டே இருந்தது. ‘குழந்தைகளை வேலை வாங்காமல் செய்தது’ என்று வெளிநாட்டு எழுத்தில் சொல்லும் சீட்டு.

யாவ்யாவுக்கு வயது பன்னிரண்டு.

பக்கத்து மிஷினில் ஹோங்யூ வாயைக் கோணினாள். “நீயும் ஒரு பொண்ணைப் பெத்தவதானே? முதலாளி சொன்னார்னு பச்சைக் குழந்தைக்குப் பொய்யைப் பாடமா நடத்தறியே. வாத்தியார் வேலை கிடைச்சிருச்சோ?”

“உன் வேலையைப் பாருடி.”

மறுநாள், சின்னப் பிள்ளைகள் யாரும் வேலை செய்கிறார்களா என்று பார்க்கும் சோதனை. சூஃபென் சீக்கிரமே வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, யாவ்யாவின் காலில் புது சாக்ஸ் மாட்டிவிட்டாள். ரத்தச் சிவப்பு. கணுக்காலில் தங்க நூலில் ஒரு பாம்பு.

“எதுக்குக்கா?”

“இது பாம்பு வருஷமாச்சே. பிறந்த மிருகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும்போது சிவப்பு போடலேன்னா ஆகாது. உங்கம்மா பக்கத்திலே இருந்தா போட்டுவிட மாட்டாளா?”

ஷாங்காயிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி அம்மா கையில் நோட்டோடு கேட்ட கேள்விக்கெல்லாம் யாவ்யாவ் டக் டக்கென்று பதில் சொன்னாள். பதினெட்டு. பன்றி. முதலாளி கோங் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

அந்த அம்மா அடுத்த மேஜைக்குத் திரும்பினாள். அவ்வளவுதான், சூஃபெனின் முழங்கை பட்டு சீட்டு டப்பா கீழே கொட்டியது.

“யாவ்யாவ், பொறுக்கு!”

குழந்தை குந்தி உட்கார்ந்தது. கால்சட்டை மேலே ஏறியது. தங்கப் பாம்பு மின்னியது.

அந்த அம்மாவின் கண் அங்கேயே நின்றுவிட்டது. பாம்பு வருஷத்தில் பாம்பு சாக்ஸ் போடுகிறவளுக்கு ஒன்று பன்னிரண்டு வயது, இல்லாவிட்டால் இருபத்து நாலு. இந்தப் பொடிசுக்கு இருபத்து நாலா?

சாக்ஸ் வாங்கும் கம்பெனி கேன்டீன் சுவரில் ஒட்டியிருந்த விதி சூஃபெனுக்கு மனப்பாடம். சின்னப் பிள்ளை பிடிபட்டால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பதினாறு வயதுவரை அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு முதலாளி சம்பளம் அனுப்ப வேண்டும். தான் வாய் திறந்தால் வேலை போய்விடும். சாக்ஸ் பேசட்டுமே.

“அழகா இருக்கே. யார் வாங்கித் தந்தாங்க?” என்று கேட்டாள் அந்த அம்மா.

“சூஃபென் அக்கா.”

அந்த அம்மா நிமிர்ந்து சூஃபெனைப் பார்த்தாள். நோட்டை மூடிக்கொண்டு முதலாளி அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

ஹோங்யூ ஓடிவந்து சூஃபெனின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அடிக் கள்ளி! இதுக்குத்தானா? உன்னைப் போய் நேத்து திட்டினேனே!”

“மெதுவாடி” என்றாள் சூஃபென். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அரை மணியில் வாசலில் கார் கிளம்பியது. முதலாளி நேரே சூஃபெனிடம் வந்தார். ஏற்றுமதிக் கட்டிலிருந்து ஒரு ஜோடி வெள்ளை சாக்ஸை உருவி அவள் முன்னால் போட்டார். சீட்டு அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

“மூளை இருக்கா உனக்கு? அந்தச் சிவப்பைக் கழட்டிட்டு இதை மாட்டிவிடு. பதிலெல்லாம் பிரமாதமாம். இனிமே கால்லே என்ன போட்டிருக்குன்னும் பாத்துக்கோங்கன்னு அந்த அம்மாவே சொல்லிட்டுப் போறாங்க.”