காயாத சிவப்பு

குரும்பலூர் வீட்டைப் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியதிலிருந்து அறிவரசனும் அண்ணன் தமிழ்மாறனும் பேசுவதில்லை. சிறுவயதில் இருவரும் சேர்ந்து பார்த்த டி.வி. தொடரின் பொம்மைகளை அறிவரசன் இப்போதும் வாங்கிச் சேர்க்கிறான். இன்று காலை, வில்லன் பொம்மையின் முகத்தைப் பிளேடால் சுரண்டிவிட்டு அண்ணன் முகத்தை வரைந்தான். சுரண்டும்போது கட்டைவிரல் அறுபட்டது. பச்சைத் துணியைக் கிழித்துக் கட்டினான்.

பொம்மையைக் காட்டி வெறுப்பேற்றவே அண்ணன் வீட்டுக்குப் போனான். அங்கே ஷோகேஸில் அதே வில்லன் பொம்மை நின்றது. முகம் மட்டும் அறிவரசனுடையது. அதன் கட்டைவிரலிலும் பச்சைத் துணி.

"இத எப்ப செஞ்ச?"

"போன வாரமே," என்றான் அண்ணன். "கழுத்துல செவப்பு மட்டும் இப்பதான் அடிச்சேன். தொட்றாத, இன்னும் காயல."