சம்பந்தமே இல்லாத ஆள்

எல்லோரும் சௌக்கியமா? ரத்தக்கொதிப்பு இருக்கிறவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள், இந்தக் கதை அப்படி. படித்துவிட்டு உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதிப் போடுங்கள். கடைசியில் கேட்க மறந்துவிடும், அதனால் இப்போதே சொல்லிவிட்டேன்.

"இவங்கதான் அடுத்த ஆளா?" என்று நிபுணர் தேர்வுக் குழுத் தலைவரைப் பார்த்துக் கேட்டார். கதவருகே நின்றவளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அவள் ரயில் பெட்டிகளுக்கு பிரேக் வடிவமைக்கிற இன்ஜினியர். நேர்முகத் தேர்வுக்கு உள்ளே வந்தவள், நிபுணரைக் கண்டதும் கதவுப் பிடியை விடாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

"பயப்படாதீங்கம்மா, உக்காருங்க," என்றார் தலைவர். "சார் வெளியிலேர்ந்து வந்திருக்கிற நிபுணர். வெளிநாட்டுல பெரிய ஆராய்ச்சி முடிச்சுட்டு இப்பதான் திரும்பியிருக்கார். நம்ம ஆளுங்களே மார்க் போட்டா ஓரவஞ்சனைன்னு பேச்சு வருது. அதான் சம்பந்தமே இல்லாத ஆளா கூப்பிட்டோம்."

அவள் உட்கார்ந்தாள். தலைமை வடிவமைப்பாளர் பதவிக்கு இது அவளுடைய மூன்றாவது நேர்முகம். அடுத்த முறை வயது வரம்பு தாண்டிவிடும், இன்றைக்கு விட்டால் விட்டதுதான். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் இரண்டு பேர் இப்போது அவளுக்கே லீவு சாங்ஷன் பண்ணுகிறார்கள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

மழையில் தண்டவாளம் வழுக்கும்போது சக்கரம் தேயாமல் வண்டியை எப்படி நிறுத்துவது என்று தலைவர் கேட்டார். அவள் ஒரு தாளில் பென்சிலால் சக்கரத்தை வரைந்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லி முடித்தாள்.

"மலைப்பாதை வண்டி பிரேக்கைச் சரி பண்ணினதும் இவங்கதான் சார்," என்று தலைவர் நிபுணரிடம் பெருமையாகச் சொன்னார்.

நிபுணர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நடுவுல மூணு வருஷத்தைக் காணோமே?"

"லீவுல இருந்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியல."

"அதுக்குள்ள சாஃப்ட்வேர் எல்லாம் தலைகீழா மாறிப்போச்சு. தெரியுமில்ல?"

"சாஃப்ட்வேர்தான் மாறியிருக்கு. ரயில் பழைய மாதிரியேதான் நிக்கணும்."

தலைவர் சிரித்தார். நிபுணர் சிரிக்காததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். தனக்கு வார்த்தைக்கு வார்த்தை 'சார்' போட்டவள் நிபுணருக்கு ஒன்றுகூட வைக்கவில்லையே என்று தலைவருக்கு உறுத்தியது. பதவி கேட்டு வந்த இடத்தில் இவ்வளவு திமிரா என்று நினைத்துக்கொண்டார்.

நிபுணர் நாற்காலியில் சாய்ந்தார். "அதே மூணு வருஷம் நான் ராப்பகலா லேப்ல கிடந்தேன். ஒரு நாள் லீவு போட்டதில்ல. இவங்க வீட்டுல உக்காந்திருந்தாங்க. ரெண்டும் ஒண்ணா? பக்கவாதக்காரரைப் புரட்டிப் படுக்க வெக்கறதும், ஸ்பூன்ல ஊட்டறதும் இன்ஜினியரிங் அனுபவமா?"

அவள் கையிலிருந்த பென்சில் தாளைக் கிழித்துக்கொண்டு மேஜையில் கோடு போட்டது.

உட்கார்ந்திருந்தாளாம். உட்கார நேரம் எங்கே இருந்தது? ஆஜானுபாகுவான மனுஷனை ஒண்டியாகத் தூக்கித் திருப்பி, முதுகில் புண் வராமல் பார்த்து, மூத்திரத் துணி அலசிப் போட்டுவிட்டு, அவர் தூங்கும்போது பிரேக் புத்தகத்தைப் பிரித்தவள் அவள். உட்கார்ந்தாளாம், உட்கார்ந்தாள்.

"கேட்டது போதும். அடுத்த ஆளைக் கூப்பிடலாமா?" என்று நிபுணர் ஃபைலை மூடினார்.

தலைவருக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு நிமிஷம் சார். ஏம்மா, நல்லா வேலை தெரிஞ்ச பொண்ணு நீங்க. வீட்டுல வேற ஆளே இல்லையா? நீங்க ஒருத்தர்தான் லீவு போட்டுட்டு நிக்கணுமா?"

"ஒரு அண்ணன் இருக்கார் சார்."

"அதெல்லாம் அவங்க சொந்த விஷயம்," என்றார் நிபுணர் அவசரமாக. "நமக்கு எதுக்கு?"

"இருங்க சார். அவர் வந்து பாத்துக்கலையாம்மா?"

"அப்பாவுக்கு வாய் குழறும் சார். தெளிவா வர்ற ஒரே வார்த்தை 'எப்ப வருவான்?' தினமும் கேப்பார். 'வந்துடுவான்ப்பா'ன்னு நானும் தினமும் பொய் சொல்வேன். இன்னிக்குக் காலையிலகூட சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"ஒரு தடவைகூடவா வரல? பெத்த அப்பாவாச்சேம்மா. அப்படி என்ன வேலையாம் அந்த மனுஷனுக்கு?"

நிபுணர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். எடுத்த வேகத்தில் மூடிய ஃபைல்மேல் தண்ணீர் சிந்தியது.

அவள் பென்சிலை மேஜையில் வைத்தாள். உள்ளே வந்ததிலிருந்து முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீயே சொல்லு, அண்ணா."