திரும்பி வராதவர்கள்

"ஆறு பேஷண்டை உன்கிட்ட ஒப்படைச்சேன். இப்ப ஒருத்தர்கூட வர்றதில்லை. என்ன பண்ணித் தொலைச்சே?"

பிசியோதெரபி கிளினிக்கின் முதலாளி மேசையில் ஓங்கித் தட்டினார். எட்டு வாரப் பயிற்சியின் கடைசி நாள். எதிரே பயிற்சி மாணவி நின்றிருந்தாள்.

"அந்த பஸ் டிரைவர் ஒரு வருஷமா தவறாம வந்தவரு. தோள்ல மெஷினை மாட்டிட்டு நீ சும்மா இருன்னு சொன்னேன். நீ என்னடான்னா கையைத் தூக்கு தூக்குன்னு மனுஷனைப் படுத்தி எடுத்திருக்கே!"

"ஆமா சார், படுத்தித்தான் எடுத்தேன். அழக்கூடச் செஞ்சாரு."

"வாய் வேறயா? மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு. இல்லேன்னா உன் பயிற்சி நோட்டுல நடந்ததை அப்படியே எழுதிடுவேன்."

"எழுதுங்க சார்."

சிவப்புப் பேனாவை எடுத்து, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினார்: 'இவரிடம் விட்ட நோயாளிகள் திரும்பி வருவதே இல்லை.'

கையெழுத்தும் போட்டார்.

"சீல் சார்?"

முறைத்துக்கொண்டே குத்தினார்.

நோட்டை மார்போடு அணைத்தபடி அவள் தெருவுக்கு வந்தாள். எதிரே வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு கை தலைக்கு மேலே காதை உரசிக்கொண்டு நிமிர்ந்து ஆடியது.

"ஏறும்மா! நம்ம கிளினிக் கூட்டாளிங்க மத்த அஞ்சு பேரும் தினம் இதே பஸ்லதான் வேலைக்குப் போறாங்க. இந்த ஸ்டாப்புல ஒருத்தரும் இறங்கறதில்லை!"