தறிக்குழி மண்

“எழுந்திருடா லோகநாதா!”

பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் தாயார் பூங்காவனத்தம்மாள் மகனின் கேசரித் தட்டைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

பெண்ணைப் பெற்ற கிருஷ்ணம்மாள் விழித்தாள். சற்று முன்புதான் எல்லாம் பேசி முடிந்திருந்தது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: பெண் சாவித்திரி உத்தியோகத்தை விட்டுவிட வேண்டும்.

அதுவும் என்ன உத்தியோகம்! கப்பலில் போய், கடலுக்கு அடியில் கிடக்கிற சேற்றை அள்ளி, அதில் என்ன உப்பு, என்ன உலோகம் என்று ஆராய்வது. ஆரணியில் சேற்றுக்கா பஞ்சம்?

“நாளைக்கே எழுதிப் போட்டுடச் சொல்றேங்க” என்றாள் கிருஷ்ணம்மாள், பெண்ணைக் கேட்காமலே.

ஏழு வருஷம் படித்துத்தான் சாவித்திரிக்கு அந்தக் கப்பலில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை புறப்பாடு. அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

பின்னாலேயே கை கழுவப் போன பூங்காவனத்தம்மாள்தான் அந்தக் காட்சியைக் கண்டாள். புதுத் தறி போடத் தோண்டிய குழியருகே, பட்டுப் புடவையோடு குந்திக்கொண்டு, பெண் ஈரமண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“மண்ணு துன்றாம்மா உம் பொண்ணு! எத்தினி மாசம்னு கேட்டுகினு தட்டு மாத்தலாமா? நான் மூணு பெத்தவ, எனக்குத் தெரியாதா மசக்கை?”

“ஐயோ, அவ படிப்பே அதாங்க! பல்லுல நறநறன்னா வண்டலாம், வழவழன்னா களிமண்ணாம்...”

“ஆம்பளைங்களோட கப்பல்ல போய்கினு வர்ற படிப்புதானே? தெரியுது, தெரியுது. ஜல்தி கெளம்புடா!”

மாப்பிள்ளை கேசரியை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு அம்மாவின் பின்னால் போனார். அவர்கள் வந்த அம்பாசடர் கார் கண்ணமங்கலம் பக்கம் திரும்பியது. பொழுது சாய்வதற்குள் தெரு கூடி, இல்லாத குழந்தைக்குப் பேரே வைத்துவிடும்.

கிருஷ்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். சாவித்திரி நிதானமாக வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். மண் குவியலில், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு இடத்தில் விரல் தடம்.

“இன்னா மண்ணுன்னு பாக்க ஒரு கிள்ளு போதாதாடி? ரெண்டாவது எதுக்கு?”

சாவித்திரி முந்தானையில் வாயைத் துடைத்தாள்.

“மொத கிள்ளு போட்டப்போ அந்தம்மா இன்னும் வரலியேம்மா.”