விறகு வெட்டும் சத்தம்

சுவர் அதிர்ந்தது. மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

பெய்லா படிப்பதை நிறுத்தினாள்.

"மேல படி" என்றாள் சோஹரா. வரியின்மேல் வைத்த விரலை அவள் எடுக்கவில்லை.

ஜெருசலேமில் பெண்கள் யூத வேதச் சட்டம் படிக்கும் பாடசாலையில் இருவரும் ஜோடி. எதையும் ஜோடியாக உட்கார்ந்து, வாதாடித்தான் படிப்பார்கள். இந்த மாதம் சாகக் கிடப்பவர்களைப் பற்றிய சட்டம். சோஹராவின் கணவர் மிமூனே பக்கத்து அறையில் சாகக் கிடந்ததால், பாடம் சில வாரமாக அவள் வீட்டுச் சமையலறையில் நடந்தது. அங்கிருந்து பார்த்தால் கட்டில் தெரியும்.

ஜனவரிக் குளிர். ஆனாலும் ஜன்னல்கள் விரியத் திறந்திருந்தன. பெய்லா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தாகமெடுத்து ஜாடியைச் சாய்த்தாள். காலி.

"புதினா டீ குடிக்காம வாசல் தாண்ட விடமாட்டே. இன்னிக்குப் பச்சைத் தண்ணிகூடக் கிடையாதாடி?"

"படிக்க வந்தியா, விருந்துக்கு வந்தியா?"

பெய்லா சிரித்துக்கொண்டே தாளை இழுத்துக்கொண்டாள்.

சாகிறவரைத் தொட்டு அசைக்கக்கூடாது. அணையப்போகும் விளக்கு அது. விரல் பட்டாலே அணைந்துவிடும். ஆனால் வெளியே ஒருவன் விறகு வெட்டிக்கொண்டிருந்து, அந்தச் சத்தம் உயிரைப் போகவிடாமல் தடுத்தால், அவனை நிறுத்தலாம்.

"இந்தக் காலத்துல யாருடி விறகு வெட்டுறா?" என்றாள் பெய்லா.

சுவர் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை ஒரு பெண்குரல் எழுந்து, வாயைப் பொத்தியதுபோலப் பாதியில் அறுந்தது. சுண்ணாம்புச் சில்லு ஒன்று தாள்மேல் உதிர்ந்தது.

சுவருக்கு அந்தப்பக்கம் சோஹராவின் மகன் நிஸ்ஸிம் குடியிருந்தான். தினமும் காலையில் வந்து அப்பாவின் கையை முத்தமிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவான். சாயங்காலம் திரும்பி வந்து மனைவி சிம்ஹாவை அடிப்பான். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்ட் வெயிலிலும் அவள் மணிக்கட்டுவரை கை வைத்த சட்டை போடுவது ஏனென்று யாரும் கேட்டதில்லை. பெய்லாவும் கேட்டதில்லை.

சோஹரா எழுந்தாள். மசாலா இடிக்கும் பித்தளை உலக்கையை எடுத்துக்கொண்டாள்.

"நீ அவர்கிட்டப் போய் உக்காரு. தனியா விடக்கூடாது. தொட்டுடாதே."

"நேத்துதானே படிச்சோம். எனக்குத் தெரியாதா?"

படுக்கையறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள் பெய்லா. மிமூன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கிடந்தார். போர்வை கழுத்துவரை இருந்தது. திறந்த தெருக்கதவு வழியே மகன் வீட்டு வாசல் தெரிந்தது.

சோஹரா உலக்கையால் அந்தக் கதவை அடித்தாள். மூன்றாவது அடியில் பலகை பிளந்தது.

கதவைத் திறந்தவனின் முஷ்டியில் பெல்ட் சுற்றியிருந்தது. யாரென்று பார்க்குமுன் கை வீசிவிட்டது. கொக்கி தாயின் கன்னத்தைக் கிழித்தது. அவன் முதுகுக்குப் பின்னால் சிம்ஹா சுவரைப் பிடித்தபடி தரையில் கிடந்தாள். புருவத்திலிருந்து ரத்தம் வழிந்து கண்ணை மூடியிருந்தது.

சோஹரா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அடி விழும்போது சிமிட்டாமல் நிற்க, மிமூன் பல வருஷம் அவளைப் பழக்கியிருந்தார்.

"அடிச்சாச்சா? இப்போ கேளு. பக்கத்துல விறகு வெட்டுற சத்தம் கேட்டா உயிர் நிம்மதியாப் போகாதுடா. சட்டத்துல இருக்கு. தினமும் இந்தச் சத்தம் உங்கப்பா காதுல விழுந்துச்சு. யார்கிட்ட இருந்து நீ இதைக் கத்துக்கிட்டேன்னு அவருக்குத் தெரியாதா?"

நிஸ்ஸிம் அவள் கன்னத்தையே பார்த்தான். பெல்ட் கையிலிருந்து நழுவியது.

"அம்மா... நீன்னு தெரியலம்மா."

"இவளைத் தெரிஞ்சுதானே அடிச்சே?"

அவன் குனிந்து தரையில் கிடந்த பெல்ட்டைப் பார்த்தான்.

"அப்பாவைத் தனியா விடக்கூடாது. இவளைத் துணைக்குக் கூட்டிட்டுப் போறேன். நான் கூப்பிடுற வரைக்கும் நீ வரக்கூடாது."

அவன் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டான். தாய்க்குப் பணியாதவன் சாகக் கிடக்கும் தகப்பனுக்குப் பணிந்தான்.

சோஹரா சிம்ஹாவை அணைத்தபடி நடத்திக்கொண்டு வந்து கதவைத் தாழிட்டாள். தன் தலைத்துணியின் நுனியால் அவள் கண்ணைத் துடைத்தாள். தன் கன்னத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"தண்ணி..." என்றாள் சிம்ஹா.

சோஹரா குழாயைத் திறந்து தம்ளரைப் பிடித்தாள். பெய்லாவின் பார்வை தொட்டியின் பக்கம் போனது. கெண்டி கவிழ்ந்திருந்தது. பெரிய வெந்நீர்ப் பாத்திரமும் கவிழ்ந்திருந்தது. ஜாடி காலியென்று முன்பே தெரியும். ஜன்னல்களிலிருந்து குளிர்காற்று வீசியது.

ஒரு வீட்டில் உயிர் பிரிந்தால், அங்கே பிடித்துவைத்த தண்ணீரையெல்லாம் கொட்டிவிடுவார்கள். ஜன்னல்களைத் திறந்துவைப்பார்கள். அவர்களில் அது வழக்கம்.

பெய்லா மெல்லத் திரும்பி மிமூனைப் பார்த்தாள். போர்வை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"நான் வர்றதுக்கு முன்னாடியேவா?" என்றாள் தணிந்த குரலில்.

சோஹரா ஆமென்று தலையசைத்தாள். தம்ளரைத் தானே சிம்ஹாவின் உதட்டில் வைத்து, வாய் வாயாகக் குடிக்கவைத்தாள்.

"உன் தங்கச்சிகிட்ட கார் இருக்குல்ல? வரச் சொல்லு. முதல்ல இவ தூரமாப் போயிடட்டும். அப்புறம் அவனைக் கூப்பிட்டு அழச் சொல்றேன்."

பெய்லா தொலைபேசியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காந்துக்கிட்டே பேசு" என்றாள் சோஹரா. "செத்தவரையும் தனியா விடக்கூடாது. அது அடுத்த வாரப் பாடம்."